ஆம்பளைப் பேர் எத்தனை மணிக்கு முடிகிறது?

(தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான கல்வி வகுப்பில் சங்கத்தின் மாதர் பிரிவு சார்பில் ஆற்றப்பட்ட உரை. பேச்சு நடை சில இடங்களில் திருத்தப்பட்டுள்ளது.)



"ஆண்மையும் பெண்ணுரிமையும்" என்று தலைப்புப் போட்டு இந்த வகுப்புக்குக் கடிதம் அனுப்பியபோது இரண்டு தோட்டங்களிலிருந்து எங்களுக்குப் போன் வந்தது. "இது மாதர் சங்கக் கூட்டம்தானே, நாங்களும் வரணுமா?" என்று கேட்டார்கள். கட்டாயம் வரவேண்டும் என்று சொன்னோம். பெண்களின் கஷ்டத்தைப் பெண்களுக்கே சொல்லிக் கொண்டிருப்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்க வேண்டியதில்லை. அது அவர்களுக்குத் தெரியும். இன்று ஆண்களைப் பற்றிப் பேசப் போகிறோம். ஆண் என்றால் யார், அவரை அப்படி ஆக்கியது எது, அதில் நம் சங்கத்தின் பங்கு என்ன என்பதுதான் விஷயம்.

எங்கள் பக்கத்துக் குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். சம்பளப் போராட்டம் நடந்த ஒரு சமயம், ஒரு தோட்டத்தின் பெரட்டுக் களத்தில் கூட்டம் வைத்தோம். வேலைநிறுத்தம் மூன்றாவது நாள். அன்று காலை எட்டுப் பேர் ஸ்டோருக்குள் வேலைக்குப் போய்விட்டார்கள். நம்முடைய மேடையில் நின்ற ஒருவருக்குக் கோபம் தாங்கவில்லை. "உள்ள போனவனெல்லாம் நாளைக்கு வளையல் போட்டுக்கிட்டு, சேலை கட்டிக்கிட்டு வரட்டும்!" என்று மைக்கில் சொன்னார். கைதட்டல் பலமாக இருந்தது. மேடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சேலை கட்டியவர்கள், வளையல் போட்டவர்கள். மூன்று நாளாக ஒருவர்கூட மலைக்கு ஏறவில்லை. கொழுந்து முற்றிப் போவதைப் பார்த்துக் கணக்கப்பிள்ளை வீடு வீடாக வந்து மிரட்டியும் கூடையைத் தொடாதவர்கள் அவர்கள். உள்ளே போன எட்டுப் பேருமோ ஆண்கள். கோழைக்கு அடையாளமாக அந்த மேடையில் சொல்லப்பட்டது சேலை.

நாங்களும் அன்று கைதட்டினோம். அது உறைப்பதற்கே இரண்டு நாள் ஆயிற்று.

அந்தப் பேச்சாளர் கெட்டவர் இல்லை, நம்மில் நல்ல போராளி. அவர் வாயில் அந்த வார்த்தை தானாக வந்ததுதான் யோசிக்க வேண்டியது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பழம் பறிக்கும் பருவத்துக்கு வருவார்கள், முடிந்ததும் ஊர் திரும்புவார்கள். 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. படிப்படியாகக் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. வாரத்துக்கு வாரம் துளிர் வந்துகொண்டே இருக்கும், வருடம் முழுக்கப் பறிக்க வேண்டும். ஆகவே தோட்டத்துக்குக் குடும்பம் தேவைப்பட்டது. பெண் தேவைப்பட்டாள், குறைந்த கூலிக்கு. நாளைக்குக் கூடை தூக்க அவள் பெறும் பிள்ளைகளும் தேவைப்பட்டார்கள்.

அந்தக் குறைந்த கூலி வெறும் வழக்கமாக இருந்துவிடவில்லை. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நாட்கூலி நிர்ணயித்தபோது ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று எழுதி வைத்தார்கள். அந்த 43 சதமும் அவள் கைக்கு வராது. சம்பள மேசையில் புருஷன் அல்லது தகப்பன் கைநீட்டி வாங்குவது முறையாக இருந்தது. நம் பாட்டிமார் பலர் தங்கள் சம்பளம் எவ்வளவென்று தெரியாமலே ஓய்வு பெற்றவர்கள்.

குமாரி ஜயவர்தனவும் றேச்சல் குரியனும் இலங்கைத் தோட்டங்களைப் பற்றி எழுதி 2015இல் வந்த நூல், வர்க்கமும் இனமும் சாதியும் ஆணாதிக்கமும் தோட்டத்தில் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடப்பதைக் காட்டுகிறது. ஒன்றை மட்டும் தனியே உருவி எடுக்க முடியாது. ஆண்மையைப் பற்றி ஆராய்ந்த ரேவின் கொனல் என்ற அவுஸ்திரேலிய சமூகவியலாளர் 1995இல் வந்த தன் நூலில் சொல்வதும் நம் தோட்டத்துக்கு அப்படியே பொருந்தும். ஆண்மை ஒன்றல்ல, பல உண்டு, அவையும் மேலும் கீழுமாக அடுக்கியிருக்கின்றன என்கிறார். மேல்தட்டில் இருக்கும் ஆண்மையைப் பெரும்பாலான ஆண்களால் எட்ட முடியாது. எட்டாவிட்டாலும் பெண்ணுக்கு மேலே இருப்பதால் வரும் இலாபத்தில் எல்லா ஆணுக்கும் ஒரு பங்கு விழுகிறது.

நம் அடுக்கைப் பாருங்கள். உச்சியில் துரை: பங்களா, குதிரை, சப்பாத்து. அவருக்குக் கீழே பெரிய கங்காணி: கோட்டு, தலைப்பாகை, கைத்தடி. எல்லாருக்கும் கீழே நம் பாட்டன். துரை எதிரே வந்தால் பாதையை விட்டு இறங்கிக் கானில் நிற்க வேண்டிய மனிதன் அவர். அந்த மனிதனின் கையில் மாதக் கடைசியில் தோட்டம் ஒன்றைக் கொடுத்தது, மனைவியின் சம்பளம். காணி கொடுக்கவில்லை, வீடு கொடுக்கவில்லை, மரியாதை கொடுக்கவில்லை. 'உனக்குக் கீழே ஒருத்தி இருக்கிறாள்' என்ற ஒன்றை மட்டும் கொடுத்தது. தோட்டத்துக்கு அதில் ஒரு சதமும் செலவில்லை.

அரசாங்கமும் அதே கணக்கைத்தான் போட்டது. நம் மக்களை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன் எங்கே பிறந்தார், தகப்பனைப் பெற்ற தகப்பன் எங்கே பிறந்தார் என்றுதான் கேட்டது. தாய் இங்கே பிறந்தாளா, பாட்டி இந்த மலையில் எத்தனை வருடம் கூடை சுமந்தாள் என்று கேட்கவில்லை. வெளிநாட்டவரை மணந்த பெண் தன் பிள்ளைக்குத் தன் பிரஜாவுரிமையைக் கொடுப்பதற்கு 2003ஆம் ஆண்டுத் திருத்தம் வரவேண்டியிருந்தது. நாடற்றவர் என்று நாம் அழுத அழுகையில்கூட இதை நாம் அதிகம் பேசவில்லை.

இனி 1984. அந்த ஏப்ரல் மாத வேலைநிறுத்தம் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதைத் தொடர்ந்துதான் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் வந்தது. ஆண்களும் பெண்களும் சேர்ந்து நின்று வாங்கியது, நம் தொழிற்சங்க வரலாற்றில் பெருமைப்பட வேண்டிய வெற்றி. ஆனால் அன்று சமமாக்கியது ஒரு பேருக்கான சம்பளத்தை. அந்தப் பேர் எத்தனை மணித்தியாலம் என்பதை அன்றும் கேட்கவில்லை, 2021இல் ஆயிரம் ரூபா வந்தபோதும் கேட்கவில்லை.

உங்கள் தோட்டத்தில் ஒரு சாதாரண நாளை நினைத்துப் பாருங்கள். பெண் நாலரை மணிக்கு எழும்புகிறாள். பீலியில் தண்ணீர் பிடித்து, ரொட்டி தட்டி, சம்பல் இடித்து, பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கிளப்பி, சின்னதைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, ஏழரைக்கு மலையில் நிற்க வேண்டும். பகல் கொழுந்து நிறுத்து வீட்டுக்கு ஓடி, சோறு போட்டு, திரும்ப ஓடி, நாலரைக்கோ ஐந்துக்கோ கடைசிக் கொழுந்து நிறுத்தால்தான் பேர். நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர். ஆணுக்குப் பெரும்பாலும் கணக்கு வேலை. கவ்வாத்து என்றால் இத்தனை செடி, கான் வெட்டு என்றால் இத்தனை நீளம், புல்வெட்டு என்றால் இவ்வளவு நிலம். முடித்தால் பேர் முடிந்தது. பல மலைகளில் ஒரு மணிக்கு, இரண்டு மணிக்கு ஆண்கள் இறங்கிவிடுகிறார்கள்.

அண்ணன்மாரின் வேலை இலேசு என்று நாங்கள் சொல்லவில்லை. சரிவில் நின்று முள்ளுக் குத்துவதும், முதுகில் டாங்கியைக் கட்டி மருந்தடிப்பதும் உடம்பைத் தின்னும் வேலைகள். ஸ்டோரில் இரவு ஷிப்ட் நிற்பவர்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. நாங்கள் கேட்பது ஒன்றைத்தான். இரண்டு மணிக்கு இறங்கிய பிறகு என்ன நடக்கிறது?

சிலர் தோட்டம் போடுகிறார்கள், மாடு பார்க்கிறார்கள், விறகு கொண்டு வருகிறார்கள். பலர் குளித்து உடுத்திக்கொண்டு டவுனுக்குப் போகிறார்கள், அல்லது பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐந்து மணிக்குப் பெண் கூடையோடு வந்து அடுப்பு மூட்டும் வரை வீட்டில் அடுப்பு குளிர்ந்து கிடக்கிறது. ஆணுக்கு இரண்டு மணிக்குப் பேர் முடிகிறது. பெண்ணுக்கு இரவு பத்து மணிக்கும் முடிவதில்லை. சமசம்பளம் வந்து நாற்பது வருடமாகியும் சமநாள் வரவில்லை.

"அது பொம்பளை வேலை" என்பார்கள். எது பொம்பளை வேலை? கொழுந்து பறிக்க மெல்லிய விரல் வேண்டும், பொறுமை வேண்டும், அதனால் அது பெண்ணின் வேலை என்று நூறு வருடமாகச் சொல்லிக் கேட்டோம். இப்போது சில தோட்டங்களில் கொழுந்து வெட்டும் மெஷின் வந்திருக்கிறது. அதைப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அதே செடி, அதே கொழுந்து. மெஷின் வந்ததும் மெல்லிய விரலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சமையலும் அப்படித்தான். கோவில் திருவிழாவில் ஐந்நூறு பேருக்கு அன்னதானம் சமைப்பது யார்? கொழும்பில் சாப்பாட்டுக் கடைகளில் பராட்டா அடிப்பதும் கொத்து ரொட்டி போடுவதும் யார்? நம் பையன்கள்தான். சம்பளம் கிடைக்கும் இடத்திலும் ஊர் பார்க்கும் இடத்திலும் ஆணின் கைக்குச் சமையல் வருகிறது. சொந்த லயத்து அடுப்புக்கு முன்னால் மட்டும் கை மறந்துபோகிறது.

மறக்காதவர்களும் இருக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் ஒரு தம்பி தினமும் மூன்று மணிக்குப் பிள்ளைக்காம்பராவுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார், அரிசி கழுவி உலை வைப்பார். பாலத்துக் கட்டையைத் தாண்டும்போது ஒரு சத்தம் வரும்: "பொண்டாட்டிதாசன் போறாரு!" ஆறு மாதம் தாங்கினார். பிறகு சுற்றுப் பாதையால் போகத் தொடங்கினார். அவரைத் தடுத்தது மனைவியோ துரையோ கங்காணியோ இல்லை. நம் ஆட்கள் நாலு பேரின் சிரிப்பு. ஆண்மை என்பதைப் பெரும்பாலும் ஆண்களுக்கு ஆண்களே காவல் நின்று காக்கிறார்கள். அந்தக் கட்டையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் நம் தோட்டக் கமிட்டியில் இருக்கிறார். பெயர் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும்.

இந்த ஆண்மை ஆண்களுக்கும் நல்லது செய்யவில்லை. 'ஆம்பளைப் பிள்ளை உழைக்கணும்' என்று பாதிப் படிப்பில் பையனைக் கொழும்புக் கடைக்கு அனுப்பினோம். பகலெல்லாம் மூட்டை தூக்கி, இரவில் அந்தக் கடைத் தரையிலேயே படுக்கிறான். அழ முடியாது, வீட்டுக்குப் போன் எடுத்து முடியவில்லை என்று சொல்ல முடியாது, சொன்னால் ஆம்பளை இல்லை. மிஞ்சுவது போத்தல். மத்திய கிழக்குக்குப் பெண் போனபோதும் இதே கதைதான். 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டு வந்து, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் போகக்கூடாது என்றார்கள். தகப்பனுக்கு அப்படி ஒரு கேள்வி கிடையாது. பிள்ளையை வளர்க்கத் தகப்பனால் முடியாது என்று அரசாங்கமே எழுதி வைத்தது. உண்மையில் அது ஆண்களுக்கு அவமானம். ஒரு ஆண்கூட அதை எதிர்த்துப் பேசி நாங்கள் கேட்கவில்லை.

இனிச் சொல்வது கஷ்டமான விஷயம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தங்கை நம் கிளைக் காரியாலயத்துக்கு வந்தார். புருஷன் அடிக்கிறார் என்றார். "குடும்பம்னா அப்படி இப்படி இருக்கும்" என்று சொல்லி அனுப்பினோம். இரண்டாம் முறை வந்தபோது இருவரையும் கூப்பிட்டு வைத்துச் சமாதானம் பேசினோம். கோவில் விளக்குக்கு முன்னால் அவர் சத்தியம் செய்தார். மூன்றாம் முறை கையில் மாக்கட்டுப் போட்டு வந்தார். பொலிசுக்குப் போகட்டுமா என்று எங்களைத்தான் கேட்டார். நாங்கள் பொறுங்கள் என்றோம். ஏன் அப்படிச் சொன்னோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறோம். அவருடைய புருஷன் நம் கமிட்டி உறுப்பினர். அவரைப் பகைத்தால் அந்த லயத்துச் சந்தா வேறு சங்கத்துக்குப் போய்விடும் என்று பயந்தோம். அந்தத் தங்கை பிள்ளைகள் இரண்டையும் தாயிடம் விட்டுவிட்டுக் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டார். செக்ரோலில் அவர் பெயர் வெட்டுப்பட்டது. பதினான்கு வருடம் அவர் கட்டிய சந்தாவும் அதோடு முடிந்தது. புருஷன் அடுத்த வருடமும் கமிட்டியில் இருந்தார்.

இதைச் சொல்லும்போது ஒரு பதில் எப்போதும் வரும். "துரை ஏசுறாரு, கங்காணி ஏசுறாரு, கடன்காரன் ஏசுறான், அந்த ஆத்திரம் வீட்டுல வருது." அந்த அவமானம் உண்மை. அதை எதிர்க்கத்தானே சங்கம் வைத்திருக்கிறோம். ஆனால் மடுவத்தில் ஈரக் கழிவு என்று இரண்டு கிலோ வெட்டும்போது ஏச்சு வாங்குவது யார்? மட்டம் தவறிப் பறித்தாய் என்று மலையில் ஏச்சு வாங்குவது யார்? அவளும் அதே அவமானத்தோடுதான் வீட்டுக்கு வருகிறாள். வந்து யாரையும் அடிப்பதில்லை, அடுப்பு மூட்டுகிறாள். துரைக்கு முன்னால் எத்தனை ஆத்திரம் வந்தாலும் அடங்கி நிற்கிற கை, தனக்குக் கீழே என்று நினைக்கிற இடத்தில் மட்டும் ஓங்குகிறது. அடக்கத் தெரியாத கை இல்லை அது.

சட்டத்தைத் தலைவர்மார் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். அவசரமென்றால் நீதவான் இடைக்காலக் கட்டளை கொடுக்கலாம், அடித்தவர் அந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று தடுக்கலாம். கட்டளை பன்னிரண்டு மாதம் வரை இருக்கும். அடி மட்டுமல்ல, மனதை நோகடித்து வதைப்பதும் இந்தச் சட்டத்துக்குள் வரும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இதில் எந்த இடத்திலும் தோட்டத் தலைவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று இல்லை. 'குடும்ப விஷயம்' என்று நாம் பேசி முடித்துவைத்த ஒவ்வொரு சமாதானமும் இந்தச் சட்டத்துக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் நாம் கட்டிய வேலி.

இன்று மாதர் பிரிவு மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறது. அடிபட்ட பெண் சங்கத்துக்கு வந்தால் தலைவர் தனியாகப் பேசி முடிக்கக் கூடாது. மாதர் பிரிவில் ஒருவர் கூடவே பொலிசுக்கும் வைத்தியசாலைக்கும் போக வேண்டும். முறைப்பாடு கமிட்டி உறுப்பினர் மேல் என்றால் அது தீரும் வரை அவர் பதவியிலிருந்து விலகி இருக்க வேண்டும். சந்தா குறையும் என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம்: நம் சந்தாவில் பாதிக்கு மேல் பெண்களின் பேரிலிருந்து வெட்டப்படுகிறது. அதை இழப்பதைப் பற்றி இதுவரை யாரும் பயந்ததில்லை.

இரண்டாவது, கமிட்டிக் கூட்டம். சனிக்கிழமை மூன்று மணிக்கு வைக்கிறோம். அந்த நேரம் பெண்கள் மலையில். பிறகு அறிக்கைப் புத்தகத்தில் 'பெண் உறுப்பினர்கள் சமுகமளிக்கவில்லை' என்று எழுதுகிறோம். வருடக்கணக்காக அதே வரி. கூட்டத்தைப் போயா தினத்துக்கு மாற்ற வேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒவ்வொரு முறையும் இரண்டு ஆண் உறுப்பினர்கள் முறை போட்டு நிற்க வேண்டும்.

மூன்றாவதற்கு அண்ணன்மாரின் உதவி கட்டாயம் வேண்டும், ஏனென்றால் பேச்சுவார்த்தை மேசையில் உட்காருகிறவர்கள் நீங்கள். அடுத்த முறை கம்பனியோடு பேசும்போது சம்பளத்தோடு சேர்த்துப் பேரின் நேரத்தையும் கேளுங்கள். கணக்கு வேலை முடிந்தால் ஆணுக்குப் பேர் முடிகிறது. அதேபோல் குறித்த கிலோ எடுத்து முடித்தால் கொழுந்தெடுப்பவருக்கும் பேர் முடிய வேண்டும். அதற்கு மேல் எடுப்பது, மேல்கிலோவுக்குக் காசு வாங்குவது அவர் விருப்பம். இதை இதுவரை நாம் ஒரு கோரிக்கையாகக்கூட எழுதிக் கொடுத்ததில்லை. மேசையில் இருந்த யாரும் ஐந்து மணிக்கு மலையிலிருந்து இறங்கியவர் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

வளையல், சேலை பற்றித் தீர்மானம் எதுவும் கொண்டு வரவில்லை. அன்று பேசியவர் இன்று இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். இந்த உரையை எழுதும்போது அவரிடம் காட்டினோம். அந்தப் பகுதியை எடுக்க வேண்டாம் என்று அவரே சொன்னார்.

தேநீர் தயாராகிவிட்டது. போட்டவர்கள் நம் கிளையின் இரண்டு தம்பிமார். இருவரும் கொழும்பில் தேநீர்க்கடையில் நின்றவர்கள், நம்மைவிட நன்றாகவே போடுவார்கள். குடித்துவிட்டு வந்ததும் முதல் தீர்மானத்தை எடுக்கிறோம். கை தூக்குவதற்கு முன்னால் யாருக்காவது எதிர்ப்பிருந்தால் எழும்பிச் சொல்லுங்கள், பாலத்துக் கட்டையில் சொல்ல வேண்டாம்.